பிழையின்றியும் முடங்கும் மரபணு



செல்கள் வரம்பின்றிப் பெருகாமல் தடுப்பதும், பழுதுபட்ட செல்லை மடியச் செய்வதும் புற்றுநோய் ஒடுக்கி மரபணுக்களின் பணியாகும். தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இத்தகைய மரபணுவுக்கு இரு படிகள் இருப்பதால், இரண்டும் பழுதானால்தான் புற்று தோன்றும் என்று, விழித்திரைப் புற்றை ஆராய்ந்த ஆல்ஃபிரட் நட்சன் 1971-இல் கூறினார். இரைப்பைப் புற்றுநோய் அக்கருத்தை மறுக்கவில்லை. ஆனால் மரபணு சிதையாமலேயே முடங்கவும் கூடும் என்பதையும் அது காட்டுகிறது.

நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பம் ஒன்று, உறவினர் பலர் இளவயதிலேயே இரைப்பைப் புற்றால் இறப்பதைக் கண்டு ஆய்வாளர்களை நாடியது. தன் வம்சாவளியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த அக்குடும்பத்தின் துணையோடு (நோயாளிகள் என்பதைவிட ஆய்வின் பங்காளிகள் என்பதே அவர்களுக்குப் பொருந்தும்), ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் பாரி கில்ஃபோர்டு குழுவினர் 1998-இல் சி.டி.எச்.1 மரபணுவில் பரம்பரைப் பிறழ்வைக் கண்டறிந்தனர். செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஈ-கேடெரின் புரதத்தை உருவாக்குவது இந்த மரபணுவே. இத்தகைய குடும்பங்களில் பலர் ஒரு படி பழுதாகவே பிறக்கிறார்கள். மற்றப் படியோ, பல கட்டிகளில், டி.என்.ஏ. எழுத்து வரிசை மாறாமல், அதன் முகப்பில் மெத்தில் என்னும் வேதித் தொகுதிகள் ஒட்டிக்கொள்வதாலேயே செயலிழக்கிறது.

முடக்கும் வழி இன்னொன்றும் உண்டு. 1993-இல் விக்டர் அம்ப்ரோஸும் கேரி ரவ்கனும் உருளைப்புழுவில் இனங்கண்டு விளக்கிய, 2024-இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடுகளே நீளமுள்ள துணுக்குகள். புரதம் செய்வதற்கான கட்டளையைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.வோடு ஒட்டி, அக்கட்டளையை நிறைவேறவிடாமல் செய்பவை. இரைப்பைப் புற்றில் மிகுந்து காணப்படும் மைக்ரோ ஆர்.என்.ஏ.-21, பி.டி.இ.என். என்னும் ஒடுக்கி மரபணுவின் புரதத்தை இவ்வாறு குறைக்கிறது. உறவு எதிர்த்திசையிலும் ஓடுகிறது: பி53 என்ற ஒடுக்கிப் புரதம் செல் பெருக்கத்தை நிறுத்துவதற்கு மைக்ரோ ஆர்.என்.ஏ.-34 குடும்பத்தையும் ஏவுகிறது. ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இரைப்பையில் நெடுங்காலம் உண்டாக்கும் அழற்சியிலோ, அந்த 34-க்கான மரபணுக்கள் சிலவே மெத்திலால் அடைபடுகின்றன.

அடைபட்டதை ஈடுசெய்யும் நம்பிக்கையில், 34-ஐச் செயற்கையாகச் செய்து பலவகைப் புற்றுநோயாளிகளுக்குச் செலுத்திய சோதனை, கடுமையான நோயெதிர்ப்புப் பக்கவிளைவுகளால் 2016-இல் நிறுத்தப்பட்டது. பைலோரியை மருந்தால் ஒழிப்பது இன்றே இயலும். சி.டி.எச்.1 பிறழ்வுள்ளவர்களுக்கோ, சளிச்சவ்வின் மேற்பரப்புக்கு அடியில் தனித்தனியே பரவும் செல்கள் எண்டோஸ்கோப்புக்குத் தப்பிவிடுவதால், இரைப்பை முழுவதையும் முன்கூட்டியே அகற்றும் அறுவைச் சிகிச்சையே பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகிறது; அறிகுறி ஏதுமின்றி எதிரே அமர்ந்திருக்கும் ஒருவரிடம் அதை எடுத்துச் சொல்லும் பொறுப்பு இன்று மருத்துவப் பட்டம் பெறும் உங்களில் சிலருக்கு வந்து சேரும்.