தரை துலக்கும் வண்டி

திருவனந்தபுரத்திற்கு ஆண்டில் இரு முறை மழைக்காலம் உண்டு. ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். அந்நாட்களில் தம்பானூர் இரயில் நிலையத்தில் வந்து இறங்கிய அன்பர்கள் அங்குள்ள தரையைக் கவனித்திருப்பார்கள். குடையில் சொட்டும் நீரும் செருப்பில் ஒட்டிய செம்மண்ணும் கலந்து, துடைத்த இடம் மறுகணமே மறுபடியும் சேறாகும். 1931ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அந்த நிலையம் தொடங்கி, 2011இல் திறக்கப்பெற்ற விமான நிலையப் புதிய முனையம் வரையில், இந்நகரத்தில் பொதுமக்கள் நடமாடும் தரைகள் ஆண்டுதோறும் விரிந்துகொண்டே வந்திருக்கின்றன. வாரியலும் வாளியும் கொண்டு இவற்றைத் துலக்கிக் கட்டுப்படியாகாது. ஆதலின், ஒருவர் ஏறி அமர்ந்து ஓட்டும், பாட்டரியால் இயங்கும் தரை துலக்கும் வண்டி இன்று பெரிய கட்டடங்களில் இடம்பெற்றுவிட்டது. தொழிலாளர்கள் இதனை ஸ்கிரப்பர் வண்டி என்பார்கள். மும்பையிலும் பெங்களூரிலும் டில்லியிலும் வாழும் நம்மவரும் இதனைக் கண்டிருப்பார்கள்; பலர் தாமே ஓட்டிப் பிழைப்பும் நடத்துகிறார்கள். இவ்வண்டியைத் தீங்கின்றி இயக்குவது எவ்வாறு என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

கேரள நாட்டின் துப்புரவுத் தொழிலில் தமிழர் கை நெடுங்காலமாக இருந்து வருகிறது. தகழி சிவசங்கரப் பிள்ளை 1947இல் வெளியிட்ட 'தோட்டியின் மகன்' என்னும் நாவல் ஆலப்புழை நகரத்துத் தோட்டிகளின் கதையைக் கூறுவது. அதன் தலைவனுக்குச் சுடலைமுத்து என்று பெயர். பெயரைக் கேட்ட அளவிலே நெல்லைச் சீமை நம் நினைவுக்கு வரும். அந்நாவலைத் தமிழில் தந்தவர் நாகர்கோவில் வாழ்ந்த சுந்தர ராமசாமி. சுடலைமுத்துவின் தலைமுறைக்கு வாளியும் தலைச்சுமையுமே கருவிகள். இன்று அத்தொழிலில் இறங்குவோருக்கு இயந்திரம் ஓர் இருக்கை அளித்திருக்கிறது. சாக்கடைக் குழிக்குள் மனிதன் இறங்காதவாறு காக்கும் 'பாண்டிகூட்' என்னும் இயந்திரமும் 2018இல் இத் திருவனந்தபுரத்திலேதான் பணிக்கு வந்தது. இவையெல்லாம் வரவேற்கத்தக்க மாறுதல்கள். எனினும், இருக்கை கிடைத்துவிட்டதனாலே இடர் நீங்கிவிட்டது என்று எண்ணிவிடுதல் கூடாது.

இவ் வண்டியின் அமைப்பு எளியது. முன்பக்கம் நல்ல நீர்த்தொட்டி ஒன்று. அடியில் சுழலும் தூரிகைகள். பின்புறம் அழுக்கு நீரை வழித்து இழுக்கும் ரப்பர்ப் பட்டை. இழுத்த நீரை வாங்கிக்கொள்ளும் மற்றொரு தொட்டி. இருக்கைக்குக் கீழே பாட்டரிகள். தூரிகையின் அகலம் 70 சென்டிமீட்டர் என்றும், வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர் என்றும் கொண்டால், கணக்குப்படி ஒரு மணி நேரத்தில் 3500 சதுர மீட்டர்த் தரையைத் துலக்கலாம். திரும்புதலுக்கும் தடத்தின்மேல் தடம் படுவதற்கும் கழித்தாலும், பலர் குனிந்து செய்யும் வேலையை ஒருவர் அமர்ந்து செய்துவிடுகிறார்.

இனி நாம் நேரில் கண்ட ஒன்றைச் சொல்லுகிறோம். அலுவல் நிமித்தமாக இந்நகரத்துப் பெரிய கட்டடம் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். கீழ்த்தளத்தில் ஜன்னல் அடைத்த சிற்றறை ஒன்றில் இவ்வண்டி நின்றது, சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. பாட்டரியின் மேல்மூடி இறுக மூடப்பட்டிருந்தது. வண்டியை ஓட்டுபவர் தென்காசிப் பக்கத்தவர், ஐம்பது வயதிருக்கும். மூடியை ஏன் மூடினீர்கள் என்று கேட்டோம். "தூசி விழுந்துரக் கூடாதேன்னுதான் சார் மூடி வெச்சிருக்கேன்" என்றார். மூடியின் மேலேயே மஞ்சள் நிற ஒட்டுத்தாள் ஒன்று இருந்தது. சார்ஜ் ஏறும்போது மூடியைத் திறந்து வைக்க வேண்டும், அறையில் காற்றோட்டம் வேண்டும், நெருப்பு அருகில் வரலாகாது என்று அதில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. அதனை அவருக்குத் தமிழில் படித்துச் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "தெனமும் இந்தத் தாளத்தான் சார் பளபளன்னு தொடைக்கேன். என்ன எழுதியிருக்குன்னு ஒருத்தரும் சொல்லலியே" என்றார்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அச்சொல் சுருக்கென்று தைத்தது. அவர் சோம்பேறியல்லர், பொறுப்புடையவர். அப்பொறுப்பே அவரை மூடியை மூடச் செய்தது. அறியாமை அவருடையது எனினும் குற்றம் அவருடையதன்று.

மூடியைத் திறந்து வைக்கச் சொல்லுவது ஏன் என்பதைப் பார்ப்போம். இவ்வண்டிகளிற் பலவற்றில் இருப்பது ஈயமும் கந்தக அமிலமும் கொண்ட பாட்டரி. பிரான்சு நாட்டுக் காஸ்தோன் பிளாந்தே 1859இல் கண்டுபிடித்தது இது. ஓர் அறைக்கு இரண்டு வோல்ட் ஆக, 24 வோல்ட் வண்டிக்குப் பன்னிரண்டு அறைகள் வேண்டும். சார்ஜ் நிறையும் தறுவாயில் உள்ளிருக்கும் நீர் பிரிந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றில் அது நூற்றுக்கு நான்கு பங்கு கலந்தாலே தீப்பொறி பட்டு வெடிக்கக் கூடும். காற்றினும் மிக இலேசானது ஆதலின் மேலே சென்று கூரையடியில் தங்கும். மூடியை மூடினால் இருக்கைக்குக் கீழே தங்கும். அறையை அடைத்தால் கூரைக்குக் கீழே தங்கும். ஆகவே மூடி திறந்திருக்க வேண்டும். அறையின் உயரத்தில் காற்று வெளியேற வழி வேண்டும். பீடி, சிகரெட்டு, தீக்குச்சி எதுவும் அப்பக்கம் தலைகாட்டலாகாது.

பாட்டரியைக் கையாளும் முன் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்தல் நன்று. ஸ்பானர் போன்ற இரும்புக் கருவியைப் பாட்டரியின் மேல் வைக்கலாகாது. இரு முனைகளையும் அது தொட்டுவிட்டால் பெரும் பொறி பறக்கும். சார்ஜரை அணைத்த பின்னரே இணைப்பைப் பிடுங்க வேண்டும். தண்ணீர் குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த பாட்டரித் தண்ணீரையே ஊற்ற வேண்டும். அதனையும் சார்ஜ் ஏறி முடிந்த பிறகு ஊற்றுவதே முறை. முன்னரே நிறைய ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது அமிலம் பொங்கி வழியும். தகடுகள் நீருக்கு மேலே தெரிந்தால் மட்டும், அவை மூழ்கும் அளவுக்கு முன்னதாகச் சிறிது ஊற்றலாம். அப்போது கண்ணாடியும் ரப்பர்க் கையுறையும் அணிதல் வேண்டும். அமிலம் கண்ணில் தெறித்துவிட்டால் சுத்தமான நீரால் பதினைந்து நிமிடங்களேனும் இடைவிடாது கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லுக. இக்காலத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாத பாட்டரிகளும், லித்தியம் பாட்டரிகளும் வந்துள்ளன. ஒன்றின் சார்ஜரை மற்றொன்றிற்குப் பயன்படுத்தலாகாது.

இனி ஏறி அமரும் முன். வண்டியை ஒரு முறை சுற்றி வருக. தரையில் எண்ணெயோ அமிலமோ சொட்டியிருக்கிறதா, சக்கரமும் தூரிகையும் சரியாக உள்ளனவா, பிரேக்கு பிடிக்கிறதா, ஒலிப்பான் ஒலிக்கிறதா, சிவப்புப் பொத்தானை அழுத்தினால் வண்டி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓட்டுபவர் எழுந்தால் தானே நின்றுவிடுமாறு இருக்கையின் அடியில் சுவிட்சு ஒன்றைப் பல வண்டிகளில் அமைத்திருக்கிறார்கள். வேலைக்கு இடைஞ்சல் என்று அதைக் கயிற்றால் கட்டிவைப்போர் உண்டு. அது தன் காவற்காரனைத் தானே கட்டிப்போடுவதற்கு ஒப்பாகும். சேலைத் தலைப்பையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக்கொள்ளுதல் வேண்டும். வழுக்காத செருப்பு அவசியம்.

ஓட்டும்போது நினைவில் வைக்க வேண்டியது வண்டியின் கனம். நூறு லிட்டர் நீரே நூறு கிலோ. பாட்டரியும் இரும்பும் ஆளும் சேர்ந்தால் பல நூறு கிலோ ஆகும். மணிக்கு 6 கிலோமீட்டர் வேகம் நமக்கு நடை வேகத்தைவிடச் சற்று மிகுதியாகவே தோன்றும். ஆனால் அவ்வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். குழந்தை ஒன்று குறுக்கே ஓடி வருவதைக் கண்டு, காலைப் பிரேக்கிற்குக் கொண்டுபோகும் அந்த ஒரு நொடிக்குள் அவ்வளவு தூரம் கடந்திருப்போம். ஈரத்தரையில் பிரேக்கு பிடித்தபின்னும் வண்டி மேலும் சறுக்கும். ஆதலால் வளைவுகளிலும் தூண்களின் மறைவிலும் வாயில்களிலும் வேகத்தைக் குறைத்து ஒலி எழுப்ப வேண்டும். பின்னோக்கிச் செல்லும்போது தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். வேறொருவரை ஏற்றிக்கொண்டு செல்லுதல் அறவே கூடாது. கை கால்களை வண்டிக்கு வெளியே நீட்டலாகாது. சுவருக்கும் வண்டிக்கும் இடையே அகப்பட்ட கால் மீளாது.

சரிவான பாதையில் நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். நடுச்சரிவில் குறுக்கே திருப்பினால் தொட்டி நீர் ஒரு பக்கம் சாய்ந்து வண்டியைக் கவிழ்க்கும். எவ்வளவு சரிவு வரை செல்லலாம் என்பதை வண்டியைச் செய்தவர் குறித்திருப்பார், அதற்கு மிஞ்சலாகாது. இரயில் மேடைகளில் இவ்வண்டியை ஓட்டுவோர் விளிம்பிலிருந்து நன்கு விலகியே செல்ல வேண்டும். மஞ்சள் கோட்டிற்கு அப்பால் உள்ள இடத்தைக் கையால் துடைப்பதே மேல். வண்டி வரும் நேரத்தில் மேடையில் இயந்திரம் ஓடலாகாது.

பயணிகளைக் காப்பதும் ஓட்டுபவர் பொறுப்பே. ரப்பர்ப் பட்டை தேய்ந்துவிட்டால் ஒரு கோடாக நீர் தங்கும். வண்டியைச் சடக்கென்று திருப்பினால் பட்டை விலகி, வளைவில் நீர் தேங்கும். தள்ளாத வயதினர் ஒருவர் அதில் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். அதன்பின் அவர் எழுந்து நடப்பாரோ என்பதே ஐயம். ஆகவே பகுதி பகுதியாகத் தடுத்து, எச்சரிக்கைப் பலகையை வேலை தொடங்கும் முன்னரே வைத்து, தரை உலர்ந்த பின்னரே எடுக்க வேண்டும்.

தொட்டியில் ஊற்றும் மருந்திலும் கவனம் வேண்டும். பிளீச்சிங் கரைசலையும் கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் ஒன்றாகச் சேர்த்தால் குளோரின் என்னும் நச்சு வாயு எழும். அது நுரையீரலைக் கெடுக்கும். நேற்று ஒன்றையும் இன்று மற்றொன்றையும் ஊற்றுவதானால் இடையில் தொட்டியைக் கழுவியாக வேண்டும். பெட்ரோல், மண்ணெண்ணெய் சிந்திய இடத்தில் இவ்வண்டியை ஓட்டவே கூடாது. நீரை உறிஞ்சும் மோட்டாரின் பொறி அந்த ஆவியைப் பற்றவைக்கும்.

வேலை முடிந்ததும் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பிரேக்கைப் பூட்டி, சாவியைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். தூரிகையில் சிக்கிய நூலையோ கயிற்றையோ எடுக்கும் முன்பு சாவியை நீக்கிப் பாட்டரி இணைப்பையும் பிரித்துவிட வேண்டும். அழுக்குத் தொட்டியை அன்றன்றே கழுவ வேண்டும்.

இவை யாவும் வண்டியோடு வரும் கைப்புத்தகத்தில் உள்ளவைதாம். ஆனால் அப்புத்தகம் பெரும்பாலும் மேலாளரின் மேசை அறைக்குள் உறங்குகிறது. அதன் மொழி ஓட்டுபவரின் மொழியன்று. வெளிமாநிலத்தில் வாழும் தமிழருக்கு இவ்வருத்தம் இருமடங்கு. ஆங்கிலமும் தெரியாது, ஊர் மொழியைப் பேசத் தெரிந்தாலும் படிக்கத் தெரியாது. தொழிலாளி படிக்கக்கூடிய மொழியில் எச்சரிக்கையை எழுதி ஒட்டுவதும், ஒரு நாளேனும் உடனிருந்து பழக்குவதும் வேலை கொடுப்பவர் கடமை. கேட்டுத் தெரிந்துகொள்வது தொழிலாளியின் உரிமை. தெரியாத வண்டியில் ஏற மாட்டேன் என்பது பணிவின்மை ஆகாது.

நம் நேயர்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. உங்கள் அலுவலகத்திலோ குடியிருப்பிலோ இவ்வண்டியை ஓட்டும் தமிழர் ஒருவர் இருப்பார். ஒரு நாள் அரைமணி நேரம் அவரோடு நின்று, வண்டியில் ஒட்டியுள்ள தாள்களைத் தமிழில் படித்துச் சொல்லுங்கள். ஒரு அட்டையில் எழுதியும் கொடுங்கள். அதற்குப் பெரும் புலமை வேண்டியதில்லை.

தென்காசி நண்பரைச் சில வாரங்கள் கழித்து மறுபடியும் கண்டோம். ஜன்னல் திறந்திருந்தது, மூடியும் திறந்திருந்தது. நாம் எழுதிக் கொடுத்த தமிழ் அட்டையைச் சுவரில் ஒட்டியிருந்தார். புதிதாய் வந்த இளைஞன் ஒருவனை அதன் முன் நிறுத்தி, எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.