ஹோம் ஹெல்த் எய்டு வேலைக்குப் போகலாமா?

போன வாரம் நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி மெயில் போட்டிருந்தாங்க. "ப்ளஸ் டூ முடிச்சிட்டேன். வீட்டுக்கே போய் நோயாளியைப் பார்த்துக்கிற ஹோம் ஹெல்த் எய்டு வேலைக்குப் போகலாமா அண்ணா?" கோடு எழுதுறவன்கிட்ட கேட்கிற கேள்வியா இது என்றுதான் முதலில் தோணுச்சு. அப்புறம் ராசிபுரத்துல இருக்கிற எங்க அம்மாயி ஞாபகம் வந்துச்சு.

அம்மாயிக்குப் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துடுச்சு. நான் பெங்களூர்ல, மாமா போர்வெல் வண்டியோட வடநாட்டுல. எங்க ஊர்ப்பக்கம் நிறைய வீடு இப்படித்தான். ஏஜென்சி மூலமா ஒரு அக்கா வந்தாங்க. முதல் நாள் நான் அம்மாயியோட அக்குள்ல கை கொடுத்துத் தூக்கப் போனேன். "அப்படித் தூக்காதீங்க தம்பி, தோள்பட்டை நழுவிடும்"னாங்க. நல்லா இருக்கிற இடது பக்கமா நாற்காலியைப் போட்டு, இடுப்பைப் பிடிச்சு, அம்மாயியையே எழுந்திரிக்க வெச்சாங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கணும், இல்லேன்னா படுக்கைப் புண் வந்துடும். மூத்திரப் பை எப்பவும் இடுப்புக்குக் கீழேதான் தொங்கணும். சாப்பிட்ட உடனே படுக்க வெச்சா புரை ஏறும். ராத்திரி 2 மணிக்கு ஒரு அலாரம், 4 மணிக்கு ஒரு அலாரம். நாமெல்லாம் ஆன்-கால்னு புலம்பறோம்!

மூணாவது வாரம் அம்மா கேட்டாங்க: "சும்மா உக்காந்திருக்கிற நேரத்துல நாலு பாத்திரம் விளக்கினா என்ன?" நான் வாயைத் திறக்கலை. அடுத்து துணி, அதுக்கடுத்து விருந்தாளிக்கு டீ. ஆபீஸ்ல இதுக்கு ஸ்கோப் க்ரீப்னு பேரு. மேனேஜர் ஒரு டாஸ்க் கூட சேர்த்தாலே நான் சண்டைக்குப் போறவன். ரெண்டாவது மாசம் அக்கா நின்னுட்டாங்க. அடுத்து வந்தவங்களுக்கு யாரும் சரியா பயிற்சி கொடுக்கலை. பத்தே நாள்ல அம்மாயி முதுகுல புண். ஆற மூணு மாசமாச்சு.

எங்க அம்மாவை மட்டும் குறை சொல்ல முடியாது. 2018-ல் தமிழ்நாடு அரசு வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தபோது ஹோம் நர்ஸும் அதே பட்டியலில்தான் வந்தாங்க. ஆரம்ப நிலை வீட்டு வேலைக்கு மணிக்கு 37 ரூபாய், ஹோம் நர்ஸுக்கு 39. வித்தியாசம் ரெண்டு ரூபாய்.

இன்னொரு பக்கமும் இருக்கு. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்'. மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் வீடு வீடாப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறாங்க. அவங்களை யாரும் பாத்திரம் விளக்கச் சொல்லி நான் பார்த்ததில்லை. என்ன வேலைக்கு வந்திருக்காங்கன்னு ஊருக்கே தெரியும். ஆனா ஆரம்பத்துல மாசம் 4,500 ரூபாய் ஊக்கத்தொகைதான். அதை நம்பி ஒரு குடும்பம் ஓடாது.

சரி, தங்கச்சிக்கு என்ன பதில்? எனக்குத் தெரியாததை நான் சொல்றதைவிட அந்த அக்காகிட்டயே கேட்டுடலாம்னு போன் போட்டேன். முதல்ல சாரி சொன்னேன். "அதை விடுங்க தம்பி, அம்மாயி எப்படி இருக்காங்க?"ன்னாங்க. மெயிலைப் படிச்சுக் காட்டினதும் கடகடன்னு சொன்னாங்க:

"வரட்டும், நல்ல வேலைதான். ஆனா படிச்சுட்டு வரட்டும். ஸ்கில் இந்தியாவுல ஹோம் ஹெல்த் எய்டுன்னே கோர்ஸ் இருக்கு. ஆஸ்பத்திரி வார்டுல நின்னு பழகலேன்னா சர்டிஃபிகேட் வெறும் பேப்பர். வீட்டுக்காரங்க கொடுக்கிறதுல ஏஜென்சி எவ்வளவு எடுக்குதுன்னு முதல்லயே கேக்கணும். லீவு எப்போ, ராத்திரி தூக்கம் எத்தனை மணி நேரம், இதெல்லாம் எழுதி வாங்கணும். ஊசி போடச் சொன்னா போடக் கூடாது, அது நர்ஸ் வேலை. பாத்திரம் விளக்கச் சொன்னா..."

கொஞ்சம் நிறுத்தினாங்க. "முதல் நாளே முடியாதுன்னு சொல்லிடணும் தம்பி. நான் மூணாவது வாரம் சொல்லலாம்னு இருந்தேன்."