கரும்புகை ஒழியட்டும், வேலை நிலைக்கட்டும்!

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் சேர்ந்து நடத்திய கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



2025 ஜூன் 30-ந் தேதி சென்னை வியாசர்பாடி டிப்போவிலிருந்து 120 மின்சார பஸ்களை முதலமைச்சர் ஸ்டாலின் துவக்கி வைத்தார். அடுத்த ஆகஸ்டில் பெரும்பாக்கம் டிப்போவிலிருந்து மேலும் 135 பஸ்கள் புறப்பட்டன. உலக வங்கி உதவியுடன் நடக்கும் திட்டத்தின் கீழ், முதல் கட்டமாக 625 மின்சார பஸ்கள் என்பது ஏற்பாடு. டீசல் வேண்டாம், புகை வேண்டாம், பாட்டரியில் ஏற்றிய மின்சாரத்தில் ஓடட்டும் என்பது இதன் நோக்கம்.

"இது பட்டணத்துச் சமாசாரம், நமக்கென்ன?" என்று நீங்கள் நினைக்கக் கூடாது. இரவு ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் மில் தொழிலாளி பஸ்ஸைத்தான் நம்பியிருக்கிறார். நடவுக்கும் களையெடுப்புக்கும் பக்கத்து ஊர் போகும் பெண்கள், 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் காசில்லாமல் போகிறார்கள். அந்த பஸ் யாருடையது, யார் ஓட்டுவது, எங்கே செய்வது, எந்த ஊருக்கு வருவது என்பதெல்லாம் நம்முடைய கூலியையும் சோற்றையும் தொட்ட விஷயங்கள்.

புகையின் கணக்கு

டீசல் புகை போக வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்து கிடையாது. அந்தப் புகையை முதலில் குடிப்பவர் யார்? டிரைவர், கண்டக்டர், டிப்போ மெக்கானிக், ரோட்டோரத்தில் கடை போட்டிருக்கும் ஏழை. மழை தப்பி, வெயில் கூடி, பூமி சூடாவதால் முதலில் வேலை இழப்பவரும் வயலில் நிற்கும் கூலியாள்தான்.

ஆனால் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. பஸ் ஒன்று லிட்டருக்கு 4 கிலோமீட்டர் வீதம் நாளுக்கு 200 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக் கொள்வோம். டீசல் 50 லிட்டர். வாயு 135 கிலோ. மின்சார பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு ஒரு யூனிட் என்றால் 200 யூனிட் வேண்டும். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியை எரித்தே வருகிறது. சராசரியாக ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ வாயு என்றால் 140 கிலோ ஆகிறது!

இதன் பொருள் என்ன? தெருவில் புகை நின்றுவிடுகிறது. அது பெரிய நன்மை, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் வானத்துக்குப் போகும் கரியமில வாயு நின்றுவிடவில்லை. பஸ்ஸின் குழாயை விட்டு அனல் மின் நிலையத்தின் குழாய்க்கு இடம் மாறியிருக்கிறது. அதே 200 யூனிட்டும் முப்பந்தல் காற்றாலையிலிருந்தோ, டிப்போக் கூரையில் விழும் வெயிலிலிருந்தோ வந்தால் அப்போது கணக்கு அடியோடு மாறும். ஆகவே பஸ்ஸை மாற்றுவதும் மின்சாரத்தை மாற்றுவதும் ஒன்றோடொன்று சேர்ந்து நடக்க வேண்டிய காரியங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. 50 பேர் தலைக்கு ஒரு மோட்டார் சைக்கிளில் 20 கிலோமீட்டர் போனால், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 20 லிட்டர் பெட்ரோல் எரிகிறது. அந்த 50 பேரும் ஒரே டீசல் பஸ்ஸில் போனால் 5 லிட்டர் போதும். பழைய டீசல் பஸ்ஸே நேரத்துக்கு வந்தால் புகை குறைகிறது. பஸ் வராததால் கடன் வாங்கி வண்டி வாங்கும் தொழிலாளிக்குத் தவணையும் சுமை, பெட்ரோலும் சுமை. எனவே முதல் பரிகாரம் பஸ்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது. 100 டீசல் பஸ்ஸைக் கழித்துவிட்டு 60 மின்சார பஸ்ஸை விட்டால் அது பூமிக்கும் உதவாது, நமக்கும் உதவாது.

பஸ் யாருடையது?

மின்சார வண்டி சென்னைக்குப் புதிதல்ல. 1895-லேயே அங்கே மின்சார டிராம் ஓடியது. 1953-ல் அதை நடத்திய கம்பெனி நஷ்டம் என்று சொல்லி மூடியது. வண்டியும் போயிற்று, தொழிலாளியின் வேலையும் போயிற்று. லாபம் இருக்கும் வரை ஓடுவது, இல்லாவிட்டால் கதவைப் பூட்டுவது என்பது கம்பெனி தர்மம்.

1972-ல் தமிழ்நாட்டில் பஸ்கள் நாட்டுடைமையாகி பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று கழகங்கள் எழுந்தபோது வேறொரு தர்மம் வந்தது. லாபம் தராத கிராமத்துக்கும் பஸ் போயிற்று. நகரத்தில் வந்த வசூல் கிராமத்து நஷ்டத்தைத் தாங்கிற்று. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், ஆஸ்பத்திரிக்குப் போக வழி பிறந்தது.

இப்போது வரும் மின்சார பஸ்ஸின் ஏற்பாடு என்ன? பஸ் தனியார் கம்பெனிக்குச் சொந்தம். டிரைவரையும் கம்பெனியே வைத்துக் கொள்ளும். கண்டக்டர் கழகத்தைச் சேர்ந்தவர். டிக்கெட் வசூல் கழகத்துக்கு. ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும். இது பன்னிரண்டு ஆண்டு ஒப்பந்தம்.

"பஸ் விலை டீசல் பஸ்ஸைப் போல இரண்டு மடங்குக்கு மேல், கழகத்திடம் பணம் இல்லை, கம்பெனி முதல் போடுகிறது" என்று இதற்குச் சமாதானம் சொல்லப்படுகிறது. கழகத்தின் பணமுடை உண்மைதான். ஆனால் கம்பெனி போட்ட முதலும், அதற்கு வட்டியும், அதன்மேல் லாபமும் கிலோமீட்டர் பணமாகக் கழகத்திடமிருந்தே திரும்பப் போகின்றன. பஸ் காலியாக ஓடினாலும் கம்பெனிக்குக் கிலோமீட்டர் பணம் நிச்சயம், நஷ்டம் கழகத்துக்கு. அந்த நஷ்டத்தை எங்கே ஈடுகட்டுவார்கள்? கடைசி டிரிப்பில் பத்துப் பேர் ஏறும் கிராமத்து பஸ்ஸின் மேல்தான் முதல் கத்தரி விழும். விவசாயத் தொழிலாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரே பஸ்ஸில் டிரைவர் ஒரு முதலாளிக்கு, கண்டக்டர் இன்னொரு முதலாளிக்கு என்ற நிலைமையையும் பாருங்கள். கழகத் தொழிலாளர்கள் பல ஆண்டு போராடிப் பெற்ற ஊதிய ஒப்பந்தம் அந்த டிரைவருக்குப் பொருந்தாது. ஆளுக்கு ஒரு சம்பளம், ஆளுக்கு ஒரு விதி என்று பிரித்து வைத்தால் என்ன ஆகும் என்பது காண்டிராக்ட் முறையை அனுபவித்த மில் தொழிலாளர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வேலை எங்கே போகிறது?

டீசல் பஸ்ஸில் எஞ்சின், கியர் பாக்ஸ், கிளச், ரேடியேட்டர், சைலன்ஸர், எண்ணெய் வடிகட்டி என்று எத்தனையோ உறுப்புகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பட்டறை, ஒரு வார்ப்படச் சாலை, ஒரு கடைசல்காரர் இருக்கிறார். மின்சார பஸ்ஸில் இவற்றில் பெரும்பாலானவை இல்லை. எஞ்சினைப் பிரித்துக் கோத்த டிப்போ மெக்கானிக்கின் வேலையும் சுருங்கும்.

கரூரைப் பாருங்கள். எண்ணூர் போன்ற இடங்களிலிருந்து சேஸிஸ் வரும். அதன்மேல் பாடி கட்டும் வேலை கரூர்ப் பட்டறைகளில் நடக்கும். வெல்டர், தகரவேலைக்காரர், பெயிண்டர், ஸீட் தைப்பவர் என்று பல குடும்பங்கள் அதில் பிழைக்கின்றன. மின்சார பஸ்ஸோ பெரும்பாலும் முழு வண்டியாகவே பெரிய தொழிற்சாலையிலிருந்து வருகிறது. அதன் விலையில் பெரும் பங்கு பாட்டரி. பாட்டரிக்குள் இருக்கும் லித்தியம் செல்களில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து, முக்கியமாகச் சீனாவிலிருந்து இறக்குமதியாகிறது. இதை உள்நாட்டில் செய்ய 2021-ல் மத்திய சர்க்கார் 18,100 கோடி ரூபாய் ஊக்கத் திட்டம் போட்டது. பணம் கொடுப்பது பொதுமக்கள். எத்தனை பேருக்கு நிரந்தர வேலை என்ற கேள்வியையும் அவர்களே கேட்க வேண்டும்.

"அப்படியானால் டீசலே இருக்கட்டும்" என்று சொல்லலாமா? கூடாது. யந்திரம் மாறுவதைத் தடுத்து நிறுத்தி வேலையைக் காப்பாற்ற முடியாது. மாறும் யந்திரத்தில் தொழிலாளிக்கு இடம் கேட்பதே வழி.

அதற்கு வழி இருக்கிறது என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. வாரணாசியில் 1961-ல் டீசல் ரயில் எஞ்சின் தொழிற்சாலை எழுந்தது. பொதுத்துறைச் சாலை அது. ரயில் பாதைகள் மின்சாரத்துக்கு மாறியபோது அதைப் பூட்டிவிடவில்லை. அதே தொழிலாளர்கள் அதே ஷெட்டுகளில் மின்சார எஞ்சின் செய்யக் கற்றார்கள். 2018-ல் பழைய டீசல் எஞ்சினையே மின்சார எஞ்சினாக மாற்றிக் காட்டினார்கள். 2020-ல் சாலையின் பெயரிலிருந்து 'டீசல்' என்ற சொல் போயிற்று, சாலை நிலைத்தது.

பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955-ல் ஸ்விட்சர்லாந்துக் கம்பெனி ஒன்றின் தொழில்நுட்பத்தோடு ஆரம்பமாயிற்று. தொழிலைக் கற்றுக் கொண்டது நம் தொழிலாளிகளும் நம் எஞ்சினியர்களும். 2018-ல் எஞ்சின் தனியாகப் பூட்டத் தேவையில்லாத வந்தே பாரத் ரயிலை அங்கேதான் செய்தார்கள். வெளிநாட்டு அறிவை வாங்குவதில் தவறில்லை. அது நம் கைக்கு வந்து சேர வேண்டும் என்பதே முக்கியம்.

கோயமுத்தூரில் 1930-களிலிருந்து மோட்டார் செய்கிறார்கள். மில்லுக்கும் கிணற்றுக்கும் மோட்டார் செய்த கை, காயில் சுற்றிய கை, பஸ் மோட்டாரைச் செய்யாதா? பயிற்சியும் யந்திரமும் கொடுத்தால் செய்யும்.

நம் கோரிக்கைகள்

ஆகவே தோழர்களே, நாம் கேட்பது இவை:

மின்சார பஸ் கழகத்தின் சொத்தாக இருக்க வேண்டும். அதை ஓட்டுபவரும் பழுதுபார்ப்பவரும் கழகத் தொழிலாளியாக இருக்க வேண்டும்.

பஸ் வருவதற்கு முன்பே டிப்போ மெக்கானிக்குகளுக்குச் சம்பளத்தோடு பயிற்சி தர வேண்டும். உயர் அழுத்த மின்சாரத்தைக் கையாளும் வேலை அது. பாதுகாப்புக் கருவிகளில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

பாடி கட்டுவதும், மோட்டார் செய்வதும், பழைய பாட்டரியைப் பிரித்து உலோகத்தை மீட்பதும் இங்கேயே நடக்க வேண்டும் என்று ஒவ்வொரு டெண்டரிலும் நிபந்தனை எழுத வேண்டும். கரூர்ப் பட்டறைகள் அதற்குத் தயாராகச் சர்க்கார் கடனும் பயிற்சியும் கொடுக்க வேண்டும்.

டிப்போவுக்கு வரும் மின்சாரம் காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் வர வேண்டும். நிலக்கரியில் உழைக்கும் தொழிலாளருக்கும் மாற்று வேலை உறுதியாக வேண்டும்.

கிராமத்து டிரிப் ஒன்றைக்கூடக் குறைக்கக் கூடாது. புதிய பஸ் நகரத்துக்கு, பழைய பஸ் கிராமத்துக்கு என்ற பாகுபாடும் கூடாது.

இவற்றைக் கழகத் தொழிலாளர்கள் மட்டும் கேட்டால் "சம்பளத்துக்காகக் கேட்கிறார்கள்" என்று தட்டிக் கழிப்பார்கள். மில் வாசலிலிருந்தும் வயல் வரப்பிலிருந்தும் சேர்ந்து குரல் எழும்பினால் அப்படிச் சொல்ல முடியாது. உங்கள் ஊருக்கு வரும் பஸ் எத்தனை டிரிப், எந்த நேரம், எது நின்று போயிற்று என்று ஊர்தோறும் கணக்கெடுங்கள். அந்தக் கணக்கோடு டிப்போ வாசலுக்கு வாருங்கள். பேச்சு அங்கிருந்து ஆரம்பமாகட்டும்.