கோடையில் ஏரிக்கரைப் பயணம்



கோடை விடுமுறையில் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு புறப்படும் பிள்ளையைப் பார்த்து வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஒரு வேலையும் இல்லாமல் எங்கே சுற்றப் போகிறாய்?" என்பதே அது. பெண் பிள்ளையாயின் அக்கேள்வி இன்னும் கடுமையாக ஒலிக்கும். கடைக்குப் போகிறேன் என்றால் இசைவு கிடைத்துவிடும். பள்ளிக்குப் போகிறேன் என்றால் கேள்வியே எழாது. ஏரிக்கரை ஓரமாகச் சிறிது தூரம் போய் வருகிறேன் என்றால் மட்டும் ஐயம் பிறக்கிறது.

நம் நாட்டில் மிதிவண்டி உழைப்பாளியின் ஊர்தியாகவே வளர்ந்தது. பால் கொண்டு போகவும், நூல் கொண்டு வரவும், வேலைக்குச் செல்லவும் அது துணை செய்தது. இன்பத்துக்காகவும் அதில் ஏறிச் செல்லலாம் என்னும் எண்ணம் நமக்கு அத்துணைப் பழக்கமானதன்று. ஆயினும், வேலையின்றிச் செல்லும் அப்பயணம் வீண்தானா? இதனை இன்று சிறிது எண்ணிப் பார்ப்போம்.

ஆரணியைச் சூழ்ந்த பட்டு நெசவு ஊர்களுள் ஒன்று பெரணமல்லூர். திருவண்ணாமலை மாவட்டத்தில், செய்யாற்றுப் படுகையைச் சார்ந்த நிலப்பகுதி அது. தறியும் ஏரும் அங்கே அருகருகே வாழ்கின்றன. விடியற்காலையில், வெயில் ஏறுமுன், தெருவில் பாவு நீட்டும் வழக்கம் அப்பகுதி நெசவாளர்க்கு உண்டு. பிறகு நாள் முழுதும் குழித்தறியில் அமர்ந்து, கால் மிதிக்க, கை நாடாவை ஓட்ட, சேலை விரல் விரலாக வளர்கிறது. மிதித்து மிதித்து இருந்த இடத்திலேயே இருப்பது நெசவாளியின் கால். அதே கால் மிதிவண்டியில் ஏறினால் ஊரைக் கடந்து செல்கிறது! அத்தகைய ஊரிலே பிறந்த பிள்ளைக்கு, விடியலில் வண்டியேறி ஏரிக்கரைக்குச் செல்வதைவிட நல்ல விடுதலை வேறு யாது?

தொண்டை நாட்டு நிலம் பெரும்பாலும் மேற்கே உயர்ந்தும் கிழக்கே தாழ்ந்தும் கிடக்கிறது. ஆதலால், ஓடி வரும் நீரைத் தடுக்க எழுப்பிய கரைகள் பெரும்பாலும் ஏரியின் கீழ்ப்புறத்தில், பிறைபோல வளைந்து கிடக்கின்றன. அக்கரைமீது வடக்கு நோக்கி வண்டியை விடுங்கள். வலப்புறம் தாழ்வான வயல்கள். அவற்றுக்கு அப்பால் கதிரவன் எழுகிறான். இடப்புறம் அகன்ற ஏரி. வரிசையாக நிற்கும் பனைமரங்களின் நிழல் ஏரிக்குள் நீண்டு விழுகிறது. ஐந்து மணிக்குப் புறப்பட்டால் ஏழு மணிக்குள் இவ்வின்பத்தைப் பெற்று வீடு திரும்பலாம்.

இதற்கு மிகுந்த உடல் வலிமை வேண்டுமோ என நீங்கள் அஞ்ச வேண்டா. நடக்கும்போது உடலின் எடை முழுவதையும் கால்களே தாங்குகின்றன. ஒவ்வோர் அடியிலும் உடல் சிறிது எழும்பித் தாழ்கிறது. மிதிவண்டியிலோ எடையை இருக்கை தாங்கிக்கொள்கிறது. கால்கள் உந்தும் தொழிலை மட்டும் செய்கின்றன. ஆதலால், சமநிலத்தில் மெல்லச் செல்லும்போது, ஒரே தூரத்தைக் கடக்க நடப்பவர் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே மிதிவண்டிக்குப் போதும். நடப்பவர் ஒரு மணி நேரத்தில் 5 கிலோமீட்டர் செல்வாராயின், மிதிவண்டியில் செல்பவர் எளிதாக 15 கிலோமீட்டர் செல்வார். கண்ணுக்குத் தெரியும் உலகம் இதனால் மும்மடங்கு விரிகிறது. அதே வேளையில், பறவை கூவினால் கேட்கவும், மனிதரைக் கண்டால் நின்று பேசவும் முடியாத அளவுக்கு விரைவும் இல்லை.

இவ்வூர்தியின் பிறப்பிலும் ஒரு கோடையின் கதை கலந்திருக்கிறது. 1815-ஆம் ஆண்டில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் சாம்பலும் புகையும் வானில் பரவியமையால், அடுத்த ஆண்டில் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை என்னும்படி குளிர் நிலவியது, விளைச்சல் பொய்த்தது, குதிரைகளுக்கும் தீனி அரிதாயிற்று. ஜெர்மனியில் கார்ல் வான் டிரைஸ் என்பவர், குதிரை வேண்டாத இரு சக்கர வண்டி ஒன்றைச் செய்து, 1817-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் மான்ஹைம் நகரிலிருந்து அதனை ஓட்டிக் காட்டினார். தீனிப் பஞ்சமே அவரை அம்முயற்சிக்குத் தூண்டியது என்று கருதுவாரும் உளர். அவ்வண்டிக்கு மிதி இல்லை. தரையைக் காலால் உந்தியே செலுத்த வேண்டும். மிதியும், சங்கிலியும், 1888-இல் டன்லப் செய்த காற்றடைத்த டயரும் பின்னர் வந்து சேர்ந்தன. கோடையின்மை ஈன்றெடுத்த வண்டியிலே நாம் கோடையை நுகரச் செல்கிறோம் எனலாம்.

ஏரிக்கரையில் மிதிவண்டி செலுத்தி மகிழ்வதைப் பெரிய நகரங்கள் சில பொது வாழ்வின் ஒரு கூறாகவே ஆக்கிக்கொண்டுள்ளன. அமெரிக்காவில், மிச்சிகன் ஏரிக்கரையில் அமைந்த சிகாகோ நகரில், கரையை ஒட்டி ஏறத்தாழ 29 கிலோமீட்டர் நீளமான பாதை இருக்கிறது. கோடை வந்தால் முதியோரும் இளையோரும் அதில் வண்டியோட்டி மகிழ்கின்றனர். அது தானாக அமைந்ததன்று. 1909-ஆம் ஆண்டில் டேனியல் பர்னாமும் எட்வர்ட் பென்னட்டும் வகுத்த நகரத் திட்டம், ஏரிக்கரை மக்களுக்கே உரியது என்பதை வற்புறுத்தியது. மக்கள் நாள்தோறும் சென்று பார்க்கும் கரையை எவரும் எளிதில் கவர்ந்துகொள்ள முடியாது அல்லவா?

அவர்தம் கோடைக்கும் நம் கோடைக்கும் வேறுபாடு உண்டு. பனிக்காலம் கழிந்து வரும் கோடை அவர்க்குத் திருவிழா. நமக்கோ அது கத்தரி வெயில். அவர்கள் ஏரி கோடையிலும் அலை வீசும். நம் ஏரிகள் வடகிழக்குப் பருவமழையில் நிறைந்து, பயிருக்குப் பாய்ந்து, சித்திரையில் பெரும்பாலும் வற்றிவிடும். "வற்றிய ஏரியில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நான் சொல்ல வந்த கருத்து இங்கேதான் தொடங்குகிறது. நிறைந்த ஏரி தன் அழகைக் காட்டும். வற்றிய ஏரியே தன் அமைப்பைக் காட்டும்.

மார்கழியில் சென்றால் நீர்ப்பரப்பு மட்டுமே தெரியும். கோடையில் சென்றால், கரையின் உட்புறத்தில் அலை அரிக்காமல் பதித்த கற்கள் தெரியும். வயலுக்கு நீர் விடும் மதகின் அடிப்பகுதி தெரியும்; அதன் சுவரில் நீர் நின்ற மட்டங்கள் கோடு கோடாகப் பதிந்திருப்பது தெரியும். வெடித்துக் கிடக்கும் வண்டல் தெரியும். அவ்வண்டல் ஏரியின் கொள்ளளவைக் குறைக்கிறது. அள்ளிக் கொண்டுபோய் வயலில் இட்டால் அதுவே உரமாகிறது. கரையின் கோடியில் கலங்கல் தெரியும். ஏரி நிரம்பியபின் மிகுதி நீர் அதன் வழியே வழிவதைத்தான், "ஏரி கோடி போகிறது" என்று ஊரார் மகிழ்ந்து கூறுவர். சிறு கற்களுக்கிடையே வெறுந்தரையில் முட்டையிட்டு, உங்களைக் கண்டதும் கூச்சலிட்டுப் பறக்கும் ஆள்காட்டிக் குருவியையும் காண்பீர்கள். அவ்விடத்தில் வண்டியை விட்டிறங்கி விலகிச் செல்லுங்கள். மண்ணின் நிறத்தோடு ஒன்றிய முட்டைகள் சக்கரத்துக்குத் தெரியமாட்டா.

கலங்கலோடு பயணத்தை முடித்துவிடாதீர்கள். அங்கிருந்து செல்லும் கால்வாயைத் தொடருங்கள். அது பெரும்பாலும் அடுத்த ஊரின் ஏரியில் கொண்டுபோய் விடும். மேலேரியின் மிகுதி கீழேரிக்கு வரவாகிறது. தமிழ்நாட்டில் ஏரிகளும் கண்மாய்களுமாக ஏறத்தாழ 39,000 உள்ளன. அவற்றுள் மிகப் பல இவ்வாறு சங்கிலியாகக் கோத்தவை. புத்தகத்தில் இதனை ஒரு வரியில் படித்துவிடலாம். மிதிவண்டியில் அக்கால்வாயைத் தொடர்ந்து சென்றவனுக்கோ, தன் ஊர் நீரும் அயலூர் நீரும் ஒன்றே என்பது காலிலும் கண்ணிலும் பதிந்துவிடும்.

ஆர்வம் வளர்ந்தபின் இன்னும் தொலைவு செல்லலாம். அதே மாவட்டத்தின் வடபகுதியில் மாமண்டூர் இருக்கிறது. அங்கே பல்லவர் காலத்துக் குடைவரைகள் உள்ளன. அருகிலுள்ள பேரேரி, ஏழாம் நூற்றாண்டின் மகேந்திரவர்மனோடு சேர்த்துப் பேசப்படும் சித்திரமேகத் தடாகமாகும். மேகம் தந்ததைத் தேக்கி வைக்கும் இடத்துக்கு மேகத்தின் பெயரையே இட்ட நயத்தை எண்ணிப் பாருங்கள்! இராணிப்பேட்டை மாவட்டத்துக் காவேரிப்பாக்கம் ஏரியின் கரையோ ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமுடையது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள், குடவோலையால் தேர்ந்த வாரியங்களுள் ஏரி வாரியத்தையும் கூறுகின்றன. ஏரியைக் காப்பதை ஓர் ஆட்சிக் கடமையாகவே நம் முன்னோர் வைத்திருந்தனர்.

ஏரியைப் பார்ப்பார் இல்லையென்றால் என்ன நேரும்? சென்னை மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்று ஒரு சாலை உண்டு. ஏரி தோன்றும் சாலை என்பது அதன் பொருள். நுங்கம்பாக்கத்தில் 'டேங்க் பண்ட் ரோடு' உண்டு. ஏரிக்கரைச் சாலை என்பது அதன் பொருள். இரண்டிலும் இன்று மிதிவண்டியில் செல்லலாம். ஏரியைத்தான் காண முடியாது. அங்கே இருந்த நெடிய ஏரி 1920-களில் வற்றடிக்கப்பட்டு, தியாகராய நகர் முதலிய குடியிருப்புகள் எழுந்தன. பெயர் நிற்கிறது, நீர் இல்லை. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் அதே சென்னை வெள்ளத்தில் தத்தளித்தது. 2019-ஆம் ஆண்டு கோடையில் குடிநீருக்கு ஏங்கியது. இரு துன்பங்களுக்கும் காரணங்கள் பல. நீர் தங்கும் இடங்களையும் நீர் செல்லும் வழிகளையும் இழந்தது அவற்றுள் ஒன்று.

ஏரி மாரிக்காலத்தில் அழிக்கப்படுவதில்லை. நீர் நிற்கும் இடத்தில் யார் சுவர் எழுப்புவார்? வற்றிக் கிடக்கும் கோடையில்தான் வரத்துக் கால்வாய் சுருங்குகிறது. கரை ஓரத்தில் வேலி முளைக்கிறது. குப்பை வந்து விழுகிறது. ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால், சென்ற கோடையில் கால்வாய் எவ்வளவு அகலமாக இருந்தது என்று சொல்ல, அதனைக் கண்ட ஒருவர் வேண்டுமே! ஆண்டுதோறும் கோடையில் அவ்வழியே வண்டியோட்டி மகிழ்ந்த மாணவனும் மாணவியும் அதைச் சொல்லக் கூடியவர்கள்.

மாணவி என்று நான் கூறியது சொல்லணிக்காக அன்று. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தின்போது, உழைக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுத்தோடு மிதிவண்டியையும் கற்றனர். பிறர் துணையின்றித் தாமே சென்று வரும் உரிமை அதனால் அவர்க்குக் கிட்டியது. இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல், மேல்நிலை வகுப்பு மாணவியர்க்கும் பின்னர் மாணவர்க்கும் அரசே விலையின்றி மிதிவண்டி வழங்கி வருகிறது. பள்ளிக்குச் செல்லத் தந்த அவ்வண்டி, விடுமுறையில் சுவரில் சாய்ந்தே கிடக்க வேண்டுமா?

சில எச்சரிக்கைகளையும் மனத்திற் கொள்ளுங்கள். தனியே செல்லாமல் இருவர் மூவராகச் செல்லுங்கள். செல்லும் வழியை வீட்டில் சொல்லிவிடுங்கள். ஓடும்போது காற்று வியர்வையை உலர்த்திவிடுவதால் உடல் இழக்கும் நீர் தெரிவதில்லை. ஆகவே தாகம் எடுக்குமுன்பே சிறிது சிறிதாக நீர் அருந்துங்கள். சீமைக் கருவேல முள் டயரின் பகைவன். காற்றடிக்கும் பம்பும், பஞ்சர் ஒட்டும் பொருள்களும் உடன் இருக்கட்டும். மண் எடுத்த பள்ளங்களில் தேங்கிய நீரில் ஒருபோதும் இறங்காதீர்கள். அவற்றின் ஆழம் மேலிருந்து தெரியாது.

மீண்டும் பெரியவர்களின் கேள்விக்கு வருவோம். "ஒரு வேலையும் இல்லாமல் எங்கே போகிறாய்?" என்று அவர்கள் நாளை கேட்டால், பணிவோடு விடை கூறுங்கள்: "நம் ஏரியைப் பார்த்து வரப் போகிறேன்." இயன்றால் அவர்களையும் ஒருநாள் உடன் அழைத்துச் செல்லுங்கள். தாம் சிறுவயதில் நீந்திய இடம் எது, நீர் எதுவரை நின்றது, கால்வாய் எவ்வழியாக வந்தது என்று அவர்கள் காட்டுவார்கள். அவர்கள் நினைவில் உள்ள ஏரி உங்கள் கண்ணுக்கும் வந்து சேரும். அன்று முதல் அக்கேள்வியை அவர்கள் கேட்கமாட்டார்கள்; மாறாக, "இன்று ஏரி எப்படி இருக்கிறது?" என்றே கேட்பார்கள்.