நிழலுக்கு அஞ்சும் மீன்



‘ஓய்வுக்குப் பின்’ என்னும் பொருளில் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். கடற்கரை ஊர்களில் ஓய்வுபெற்றோர் சிலர் அலைவாயில் தூண்டில் போட்டுப் பொழுதைக் கழிப்பார்கள். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் கடல் இல்லை. எனினும் கடல் நமக்கு அந்நியமன்று. 1930ஆம் ஆண்டு இராசாசி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பெடுக்க நடந்தவர்களுக்கு வழிநடைப் பாட்டு எழுதித் தந்தவர், 1888இல் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர். கடற்கரைக்கு நடந்தவர்களின் பாட்டு காவிரிக்கரையில் பிறந்தவருடையது. நான் தூண்டிலோடு சென்றதும் அந்த மோகனூர்க் கரைக்கே.

முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன் நான். ஓய்வுபெற்ற மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு, போக இடமின்றித் திண்ணையில் அமர்ந்திருந்தேன். அந்நிலை ஓராண்டுக்கு மேல் நீடித்தது. வீட்டாருக்கும் பாரமானேன். ஒரு மாசி மாதத்து விடியலில், மூங்கில் கழி ஒன்றும் நரம்பும் முள்ளும் வாங்கிக்கொண்டு ஆற்றுக்குப் புறப்பட்டேன்.

மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. வழக்கமாகப் பாசனத்துக்கு சூன் 12இல் திறந்து சனவரி 28இல் மூடுவார்கள். ஆகவே மாசியில் வெள்ளம் வடிந்து, மணல் தெரிய நீர் தெளிந்திருக்கும். நான் கரையோரப் பாறை ஒன்றில் நின்று தூண்டிலை வீசினேன். இரண்டு மணி நேரம் தக்கை அசையவில்லை.

அப்போது பரிசலைத் தோளில் சுமந்து வந்த ஒருவர் என் அருகே நின்றார். தலை நரைத்திருந்தது. “சாருங்களா? நல்லா இருக்கீங்களா?” என்றார். அடையாளம் தெரிந்ததும் என் நெஞ்சு சுருங்கிற்று. ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் பயின்ற மாணவர் அவர். தந்தையோடு வலையெடுக்கப் போய்விட்டு வாரத்தில் இரண்டு நாள் வகுப்புக்கு வரமாட்டார். “மீன் நாற்றத்தோடு வகுப்புக்குள் வராதே” என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னவன் நான். வருகைப் பதிவேட்டிலிருந்து அவர் பெயரை அடித்ததும் என் கைதான். அதன்பின் அவர் பள்ளிக்கு வரவில்லை.

அவர் என் தூண்டிலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். “பொழுது முதுகுப் பக்கமா இருக்குதுங்க சார். உங்க நிழலும் கழி நிழலும் தண்ணி மேல விழுகுது. மீனு பார்த்துட்டு ஓடிருமுங்க. பின்னாடி தள்ளிக் குந்துங்க” என்றார்.

அன்பர்களே, கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஒரு காட்சி உண்டு. பாண்மகனின் தூண்டிலில் இரையை மட்டும் கவ்வித் தப்பிய வாளைமீன், பின்னர் நீரருகே நிற்கும் பிரம்பின் நிழல் அசைவதைக் கண்டும் வெருவும். இதே வட்டத்தில் ஒருமுறை அப்பகுதியை விளக்கியபோது, ‘மீன் நிழலுக்கு அஞ்சுவது புலவரின் அழகிய கற்பனை’ என்று நான் கூறினேன். நீங்களும் கைதட்டினீர்கள். அது கற்பனையன்று. மேலிருந்து கொத்தும் கொக்குக்கும் மீன்கொத்திக்கும் தப்பிப் பிழைக்கும் உயிர், நீரில் அசையும் நிழலைக் கண்டால் விலகத்தான் செய்யும். புலவருக்கு அது தெரியும். என் மாணவருக்கும் தெரியும். இருவருக்கும் இடையில் நின்று உரை சொன்ன எனக்குத் தெரியவில்லை.

பின்வாங்கி அமர்ந்தேன். அவரும் அருகில் அமர்ந்து மண்புழுவை முள்ளில் கோத்துத் தந்தார். தக்கை துடித்தது, நான் கழியைத் தூக்கப் போனேன். “பொறுங்க சார், அது பொடிமீனு கொறிக்குது. தக்கை முழுசா அமுங்கட்டும்” என்றார்.

அந்த இடைவெளியில், பல ஆண்டுகளாக நெஞ்சில் கிடந்ததைச் சொல்லிவிடத் துணிந்தேன். “தம்பி, அன்றைக்கு வகுப்பில் நான் உன்னை...” என்று தொடங்கினேன். அவர் ஆற்றிலிருந்து கண்ணை எடுக்காமல், “பேசாதீங்க சார், மீனு ஓடிரும்” என்றார்.

அவர் மன்னித்தாரா, மறந்தாரா, அல்லது மீனைத்தான் சொன்னாரா? இன்றுவரை நான் அறியேன்.

தக்கை அமுங்கிற்று. வந்தது உள்ளங்கை அளவு சிலேபிக் கெண்டை. ஆப்பிரிக்காவிலிருந்து பரவி 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன் அது. காவிரிக்கே உரிய திமில் மகசீர் என்னும் பெருங்கெண்டையோ, 2018இல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. எந்த மீன் எந்த மடுவில் எப்போது இருந்தது, எப்போது மறைந்தது என்பதை ஆற்றோடு வாழ்ந்தவர்கள் அறிவார்கள். அவ்வறிவை நாம் ஏட்டில் ஏற்றவில்லை; சிலருடைய பெயரை ஏட்டிலிருந்து அடிக்கவும் செய்தோம்.

பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த திங்கள் கூட்டத்தை ஆற்றங்கரையில் நடத்துவோம். பெரும்பாணாற்றுப்படையின் அப்பகுதியை நான் படிக்கிறேன்; பொருள் சொல்ல அவரை அழைத்திருக்கிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார், காலையில் வலையெடுத்த பிறகு.