மெடிக்கல் லீவ்: எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது?



சாதாரண காய்ச்சல் என்றால் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் சட்டென்று போட்டுவிடுகிறோம். அதுவே காசநோய் என்றால்? மனநல சிகிச்சை என்றால்? கர்ப்பப்பை ஆபரேஷன் என்றால்? டைப் செய்யவே கை தயங்கும். “நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?” என்று லீவே கேட்காமல் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. அதனால் சிகிச்சை தள்ளிப்போகிறது. காசநோய்க்கு வழக்கமாக 6 மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். நடுவில் விட்டால், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக அது மாறலாம்.

நான் சொல்ல வந்தது இதுதான்: லீவ் கேட்பது வேறு, நோயை ஊருக்குச் சொல்வது வேறு.

பொதுவாக அலுவலகத்துக்குத் தெரிய வேண்டியவை மூன்று. உங்களால் இப்போது வேலைக்கு வர முடியாது, எத்தனை நாள் வர முடியாது, அதை ஒரு டாக்டர் உறுதி செய்கிறார். லீவ் லெட்டரில் இப்படி எழுதினால் போதும்: “உடல்நிலை காரணமாக டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார். 5ஆம் தேதி முதல் 12ஆம் தேதி வரை மருத்துவ விடுப்பு வேண்டும். சான்றிதழ் இணைத்துள்ளேன்.”

சான்றிதழில் ஓய்வு தேவை என்று மட்டும் எழுத முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சில இடங்களில் நோயின் பெயரையும் கேட்கும் படிவம் இருக்கும். அப்போது அதை லீவ் பார்க்கும் அலுவலருக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள். பிரிஸ்கிரிப்ஷன், ஸ்கேன் ரிப்போர்ட் போட்டோவை குரூப்பில் போட வேண்டாம். ஒருமுறை போனால் திரும்ப வாங்க முடியாது.

இதற்குச் சட்டத்தின் துணையும் இருக்கிறது. அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரங்கள் ரகசியமாக இருக்கும் உரிமையைத் தருகிறது. எச்.ஐ.வி. நிலையை வெளியே சொல்லும்படி, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் இன்னொரு சட்டம்.

லீவும் சலுகை இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின்படி, அதன்கீழ் வரும் ஊழியருக்கு நோய்க்காக ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்துடன் விடுப்பு உண்டு. இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள், உரிய நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவித்தொகையாகப் பெறலாம்.

ஆனால் இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒன்று, பொய் சொல்லாதீர்கள். ஒரே பாட்டி மூன்று முறை இறந்தால், நாளைக்கு நிஜமான லீவையும் நம்ப மாட்டார்கள். சொல்லாமல் விடுவது உங்கள் உரிமை. பொய்ச் சான்றிதழ் குற்றம். இரண்டு, உங்கள் நோய் மற்றவர்களைப் பாதிக்கலாம் என்றால் பொறுப்பு கூடுகிறது. பரவும் நோயா? டாக்டர் “இனி போகலாம்” என்று சொல்லும்வரை வீட்டில் இருங்கள். பஸ், லாரி ஓட்டுகிறீர்களா? மயக்கமோ தூக்கமோ வரவைக்கும் மருந்து என்றால், அந்த வேலை இப்போது முடியாது என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

உடல்நல ஆலோசனைக்கு 104, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டையும் இப்போதே போனில் சேமித்துக்கொள்ளுங்கள். லீவ் கேட்கக் கூச்சப்பட்டு மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.