தண்ணிக்கும் ஊர் உண்டு, சேரி உண்டு
(தொரப்பள்ளியில் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்கம்மா கிணத்துமேட்டில் கால் வச்சது கிடையாது. குடத்தைக் கீழே வச்சிட்டு நிக்கும். யாராச்சும் மனசு வந்து இறைச்சு ஊத்தணும். கிணத்துல தண்ணி இல்லாம இல்ல; நமக்கு இல்ல.

இப்போது காலநிலை மாறிவிட்டது, தண்ணீரைப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்கிறார்கள். மாறியது உண்மைதான். 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீருக்குத் தவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் நம்ம மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. காய்ந்தால் முதலில் குழாய் நிற்பது சேரியில். பெருகினால் முதலில் வெள்ளம் நுழைவதும் பள்ளத்தில் கிடக்கிற சேரியில்தான். பகிரச் சொல்கிறவர்களிடம் கேட்கிறேன்: எந்தக் காலத்தில் எங்களிடம் பகிர்ந்தீர்கள்?

தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து, பெங்களூருச் சாக்கடையைச் சுமந்து வருகிறது. கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கியதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். மேலே இருப்பவன் கழித்ததைக் கீழே இருப்பவன் சுமக்கணும். நமக்கு இது புது நியாயமா?

1892இல் இரண்டு தாள்கள் எழுதப்பட்டன. ஒன்று, சென்னை ராஜதானிக்கும் மைசூருக்கும் ஆன ஆற்றுநீர் ஒப்பந்தம். தென்பெண்ணையின் துணையாறான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் அணை கட்டியபோது, தமிழ்நாடு அந்தத் தாளோடு உச்ச நீதிமன்றம் போனது. 2019இல் மனு தள்ளுபடியானது. போனது சரிதான், கீழே இருப்பவனுக்கும் உரிமை உண்டு. இன்னொரு தாள், பஞ்சமி நில ஆணை. அந்த உரிமைக்கு எந்த அரசு கோர்ட் படியேறியது? காரணை பஞ்சமி நிலத்துக்காக 1994இல் செங்கல்பட்டில் போராடியவர்களைப் போலீஸ் சுட்டது. இரண்டு உயிர் போனது.

தண்ணி பேச வந்தவன் நிலம் பேசுறானேன்னு நினைக்காதீங்க. 1882ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்ட வசதியுரிமைச் சட்டப்படி, நிலத்துக்காரன் தன் நிலத்தடித் தண்ணீரை எடுத்துக்கொள்ளலாம். நிலம் இல்லாதவனுக்கு அடியிலும் ஒண்ணுமில்லை. பக்கத்தில் ஆழமா போர் இறங்கினா, நம்ம தெரு அடிபம்பு காத்துதான் அடிக்கும்.

பொதுத் தண்ணீரைத் தடுப்பது குற்றம் என்று 1955லேயே சட்டம் வந்தது. 2022இல் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். சட்டம் தானாக நடக்காது, தோழர்களே. நாம்தான் நடத்தணும்.

1927 மார்ச் 20இல் பாபாசாகேப் மகத் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளினார். இப்போது மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் கிராம சபை கூடுகிறது. நடுவில் ஒரே நாள்தான். மகத்தை நினைத்துக்கொண்டு சபைக்குப் போவோம். எந்தத் தெருவுக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் என்று போர்டு எழுதி வைக்கச் சொல்வோம். டேங்க் ஆபரேட்டர் வேலையில் நம் தெரு ஆளும் இருக்கணும். ஏரி தூர்வாரிய கணக்கைச் சத்தமாகப் படிக்கச் சொல்வோம். புது போர் போடுறவங்க சபையில் சொல்லிட்டுப் போடணும்னு தீர்மானம் கேட்போம். முக்கியமா, பெண்கள் பேசணும். குடத்தோட கனம் அவங்களுக்குத்தான் தெரியும்.

எங்கம்மா கீழே நின்னது போதும். நாம மேட்டுக்கு ஏறுவோம்.

ஜெய்பீம்.